பீடம் தெரிகிற படம்

பூசை முடிந்து கடைசி ஆசீருக்கு முன்னால்தான் கல்யாண ஓலை படிப்பார்கள். உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்குக்கு வந்தார். அன்று இரண்டு ஓலை. முதலாவது எல்லோருக்கும் தெரிந்த கல்யாணம், மூன்றாவது வாரமாகப் படிக்கிற கடைசி ஓலை. யாரும் கவனிக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காத பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"இரண்டாவதாக, இப்பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற அந்தோணிசாமி, சவரிமேரி இவர்களின் மகன் ஆரோக்கிய ஜெகனுக்கும், மொசாம்பிக் நாடு, நம்பூலா உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த அந்தோனியோ, ரோசா இவர்களின் மகள் பிலோமினாவுக்கும் திருமணம் நடைபெற உள்ளது. இது முதல் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

சவரிமேரி பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன புருஷன் பேர் கேட்டபோது ஏதோ நினைவுப் பூசைக் கணக்கு என்று நினைத்தாள். மகன் பேர் வந்தபோது முன்வரிசைப் பெண்கள் திரும்பிவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்த ஜெயராணி அவள் தொடையைத் தட்டினாள். இருவரும் ஒரே முந்திரி ஷெட்டில் தோல் உரிக்கிறவர்கள்.

"யக்கா, ஒன் பேரு தான அது?"

"ம்."

"ஒனக்குத் தெரியாதா?"

சவரிமேரி முழங்காலில் நின்றாள். ஆசீர் வாங்க எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஊர் பண்ருட்டி ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கோயிலிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. ஜூன் முடியப்போகிறது, வெயில் இறங்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். மத்தி மீனைக் கழுவிக் குழம்பு வைத்தாள். இறக்கி மூடினாள். சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வராமல் அவள் சாப்பிடுவதில்லை. ஓலை வேறு, படம் வேறு என்பதுபோல அன்றும் காத்திருந்தாள்.

ஜெகன் மொசாம்பிக்குக்குப் போய் இரண்டு வருஷம். அங்கே ஒரு முந்திரி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கிளம்புகிற அன்று பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவள் ஒன்றுதான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டும். போனதற்குப் படம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அன்று அவள் பட்டினி. அவன் அப்பா பூசையை விட்டுவிட்டுத்தான் குடிக்கப் போனார். குடித்துத்தான் செத்தார். அவள் அப்படித்தான் அதை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

முதல் ஞாயிறு வந்த படத்தில் அவன் முகம் மட்டும் இருந்தது.

"பீடம் எங்கடா? ரூம்ல உக்காந்து எடுத்தியா, கோயில்ல எடுத்தியான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"செல்ஃபில அவ்ளோதாம்மா வரும்."

"பக்கத்துல மனுசங்க இல்லியா? யாருகிட்டயாச்சும் போனக் குடுத்து எடுக்கச் சொல்லு."

அடுத்த ஞாயிறு பீடம் தெரிந்தது. பெரிய மாமரம், அடியில் ஓலைக் கொட்டகை, அதில் வெள்ளைத் துணி விரித்த பூசைப் பீடம், சிலுவை. முன்னால் மணலில் ஜெகன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஸ்வெட்டர் போட்டிருந்தான். இங்கே மண் கொதிக்கிற மாசத்தில் அங்கே குளிராம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அங்கே ஒன்பது மணிக்குப் பூசை முடியும். இங்கே பன்னிரண்டரை. படம் வந்ததும் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணன் மகள் மேரி ஷாலினிக்கு அனுப்பிவிட்டு சவரிமேரி சாப்பிட உட்காருவாள். ஷாலினி கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாள்.

ஷாலினிதான் ஜெகனுக்குப் பேசி முடித்த பெண். அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் வெற்றிலைபாக்கு மாற்றியாயிற்று. வருகிற செப்டம்பரில் மாதா திருவிழா முடிந்து கல்யாணம்.

அன்றும் பன்னிரண்டரைக்குப் படம் வந்தது. அவள் அதைத் திறக்காமல் போன் பண்ணினாள்.

"படம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சி. யாருடா பிலோமினா?"

அந்தப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. பிறகு அது தூரமாகப் போனது. அவன் நடக்கிறான்.

"யாரு சொன்னாங்க?"

"உபதேசியாரு சொன்னாரு. மைக்குல சொன்னாரு. ஊருக்கே சொன்னாரு, எனக்கும் சொன்னாரு."

"ஓலை படிச்சிட்டாங்களா?"

"பின்ன?"

"நான் சர்டிபிகேட் தாம்மா கேட்டேன். ஞானஸ்நான சர்டிபிகேட்டு, அப்பறம் கல்யாணம் ஆவலன்னு ஒரு லெட்டரு. இங்க ஃபாதர் கேட்டாரு."

"கல்யாணம் ஆவலன்னு லெட்டர் வேணும்னா ஓலை படிச்சித்தான்டா குடுப்பாங்க. அதுகூடத் தெரியாதா? கோயில்ல பொறந்து வளந்தவன் தான நீ?"

"தெரியாது. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? புள்ள பொறந்தா ஞானஸ்நானத்துக்குக் கூப்புடுவியா?"

"நாலு தடவ சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ ஷாலினிக்கு எந்தக் கலர் பொடவைன்னு ஆரம்பிச்சிடுவ."

அவள் அடுப்படியைப் பார்த்தாள். குழம்புச் சட்டி மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

"அவ யாரு?"

"எங்க ஃபேக்டரிதான். பருப்புத் தோல் உரிக்கிற செக்ஷன். ஒன்ன மாதிரி."

"என்ன மாதிரின்னு சொல்லாத."

"பூசையிலதான் பழக்கம்."

"பூசைக்கு எதுக்குடா போன?"

கேட்ட பிறகு அவளுக்கே அது கேட்டது. ஜெகன் சிரிக்கவில்லை.

"நீதான போவச் சொன்ன. மொதோ வாரம் ஓரமா நின்னேன். ஒரு வார்த்த புரியல. மூணு மணி நேரம் நடக்குது. ஆடறாங்க. காணிக்கைக்குக் கோழி கொண்டாறாங்க, மரவள்ளிக் கெழங்கு கொண்டாறாங்க. சரி, ஒரு போட்டோ எடுத்துகினு ரூமுக்குப் போயிடலாம்னு பாத்தேன். யாருகிட்டயாச்சும் குடுத்து எடுக்கச் சொல்லுன்ன. ரெண்டாவது வாரம் பக்கத்துல நின்ன பொண்ணுகிட்டப் போனக் குடுத்தேன். எடுத்துட்டா. போனத் திருப்பித் தர மாட்டேன்னுட்டா. பூசை முடியட்டும், அப்பத்தான் தருவேன்னு கையில வச்சிகினா. முழுப் பூசையும் நின்னேன். அடுத்த வாரமும் அவகிட்டத்தான் குடுத்தேன்."

"ரெண்டு வருசமா அவளா எடுத்தா?"

"ம்."

"மாமன் மூஞ்சில நான் எப்புடிடா முழிப்பேன்? ஒங்கப்பா செத்த அன்னிக்கு ஒன்னத் தூக்கி இடுப்புல வச்சிகினவரு அவரு."

"மாமாகிட்ட நான் பேசறேன்."

"பேசாத. நீ பேசவே பேசாத."

வைத்துவிட்டாள். குழம்பைத் தெருநாய்க்கு ஊற்றினாள். அன்று அவள் படத்தை ஷாலினிக்கு அனுப்பவில்லை.

திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போனாள். போகாமல் இருந்தால் இன்னும் பேசுவார்கள். உடைத்துச் சூடு காட்டிய பருப்பின் சிவப்புத் தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். முழுப் பருப்பு ஒரு தட்டு, பாதி ஒரு தட்டு, நொறுங்கினது ஒரு தட்டு. முப்பது பெண்கள் சுவர் ஓரமாக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் அடுக்கிய சாக்குகளில் பாதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தானே என்கிற புயலில் இந்தப் பக்கத்து மரங்கள் சாய்ந்த பிறகு அந்தச் சாக்குகள் அதிகம்.

"கொட்டையும் அங்கேர்ந்துதான் வருது, மருமவளும் அங்கேர்ந்துதான் வருது," என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி."

"நான் என்னா சொல்லிட்டேன்? கறுப்பா இருக்கும்னு சொன்னனா?"

ஜெயராணி கத்தியைக் கீழே வைத்தாள். "ஆமா, நீ அப்புடியே தக்காளிப் பழம். போயி கண்ணாடியப் பாருடி. நம்ம தெருவுல கரண்டு போனா பல்லு வச்சித்தான் ஆளக் கண்டுபுடிக்கறோம்."

சிரித்தார்கள். சவரிமேரியும் உதட்டை அசைத்தாள். அவள் தட்டில் அன்று பாதிப் பருப்பும் நொறுங்கினதும்தான் அதிகம். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லாதது உறைத்தது.

மதியம் செய்தி கேட்டு அண்ணன் வந்தார். மரிய ஜோசப்புக்குச் சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஷெட் வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே வரவில்லை.

வீட்டில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? மொதல்ல அதச் சொல்லு."

"மாதா மேல சத்தியமா தெரியாதுண்ணா."

"சரி. அப்ப எழுந்திரு. சாமியாரப் போய்ப் பாக்கலாம். தடை இருந்தாச் சொல்லுன்னு மைக்குல கேட்டாங்கல்ல? போய்ச் சொல்லு."

"என்னான்னு சொல்றது?"

"பேசி முடிச்சாச்சின்னு சொல்லு. வெத்தலபாக்கு மாத்துனத எத்தினி பேரு பாத்தான்? நான் சோறு போட்டது இருநூறு பேருக்கு."

பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர். இந்தப் பங்குக்கு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. இருவரையும் உட்காரச் சொன்னார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியும்னுதான் உங்க பையன் மெயில்ல எழுதியிருந்தார். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்புதான்."

"அது போவட்டும் சாமி," என்றார் மரிய ஜோசப். "எம்பொண்ணுக்குப் பேசி முடிச்ச மாப்ள அவன். அதான் தடை. எழுதிக்குங்க."

"நிச்சயம் பண்ணது தடை இல்லீங்க. அதை முறிக்கலாம். மனசு கஷ்டம்தான், ஆனா சட்டப்படி தடை கெடையாது."

"எது சாமி தடை?"

சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்தார். "உங்க தங்கச்சி பையன்தான அவரு? அப்ப உங்க பொண்ணுக்கும் அவருக்கும்தான் தடை. இரத்த உறவு. அதுக்கு ஆயர்கிட்ட விலக்கு வாங்கினாத்தான் கோயில்ல கல்யாணம் பண்ண முடியும். வாங்கிட்டீங்களா?"

"அதெல்லாம் வழக்கமா கேட்டா குடுப்பாங்க."

"கேட்டிருக்கீங்களா?"

மரிய ஜோசப்பின் கழுத்து நரம்பு தெரிந்தது. எழுந்தார்.

"எழுந்திரு, வெளிய வா."

வெளியே மாதா சிலை வைத்த கெபிப் பக்கத்தில் நிழல் இருந்தது. அங்கே நின்றார்கள்.

"எம்பொண்ணு தடையாம். எவளோ ஒருத்தி கடலுக்கு அந்தாண்ட இருக்கறவளுக்குத் தடையில்லியாம். கேட்டியா?"

"அண்ணா, மெதுவாப் பேசு."

"ஒண்ணு சொல்றேன். உள்ள போயி, அவனுக்கும் ஷாலினிக்கும் ஊட்டுல வச்சித் தாலி கட்டியாச்சின்னு சொல்லு."

"தாலியா?"

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, அவசரத்துல, ஊட்டோட கட்டிட்டோம்னு சொல்லு. ஒரு கல்யாணம் ஆனவனுக்கு இன்னோரு கல்யாணம் எந்தக் கோயில்ல பண்ணுவான்? நின்னுடும். அவன் இங்க வந்துதான் ஆவணும். வந்தா நான் பாத்துக்கறேன்."

"பொய்ண்ணா அது. சாமிகிட்ட."

"அவன் ரெண்டு வருசமா எங்கிட்டச் சொன்னது என்னா? இத நீ சொல்லலன்னா எனக்குத் தங்கச்சி இல்ல. நான் செத்தாக்கூட அந்தப் பக்கம் வராத."

அவள் மாதாவைப் பார்த்தாள். வெயிலில் அங்கியின் நீலம் வெளுத்திருந்தது.

உள்ளே போய்ச் சொன்னாள். அண்ணனும் பின்னாலேயே வந்து நின்றார்.

"கோயில்ல நடக்காத தாலி செல்லாதும்மா. ஆனா நீங்க இப்பிடிச் சொன்ன பிறகு விசாரிக்காம நான் ஓலை படிக்க முடியாது. எழுதித் தாங்க. இதுல உங்க அண்ணன் பொண்ணு பேரும் வரும். யோசிச்சீங்களா?"

"அப்பங்காரன் நானே நிக்கறேன். என்னா யோசனை?" என்றார் மரிய ஜோசப்.

சாமியார் எழுதி வாசித்துக் காட்டினார். சவரிமேரி கையெழுத்துப் போட்டாள். தோல் உரிக்கிற விரலில் கறை இருந்தது. தாளின் ஓரத்தில் பட்டது.

புதன்கிழமை அவள் சிதம்பரம் போனாள். அண்ணன் வரச் சொல்லவில்லை. ஷாலினியிடம் தானே சொல்லி, அவள் தலையைத் தடவிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். கடலூரில் பஸ் மாறினாள். புதுச்சத்திரம் தாண்டியதும் உப்புக்காற்று வந்தது. பையில் ஒரு கிலோ முழுப் பருப்பு இருந்தது.

ஷாலினி ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். பையை வாங்கவில்லை.

"வாங்க அத்தை. உக்காருங்க."

"நின்னுடுச்சிம்மா. ஓலைய நிறுத்திட்டோம்."

"அப்பா சொன்னாரு. நேத்து சோறு துன்னும்போது சொன்னாரு. சந்தோசமா இருந்தாரு." அவள் கழற்றிய கோட்டை மடித்துக்கொண்டே பேசினாள். "எனக்குத் தாலி கட்டியாச்சின்னு எழுதிக் குடுத்தீங்களாமே. எப்ப கட்டுனாங்க அத்தை? எனக்குச் சொல்லவே இல்லியே."

"அது... அவன் வரணுமேன்னு..."

"எந்தக் கழுத்துல கட்டுனாங்க? இதுலயா?"

சவரிமேரி பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பேப்பரு கோயில் ஃபைல்ல இருக்கும். நாளைக்கு எனக்கு ஒரு மாப்ள பாத்தா, ஓலை படிப்பாங்கல்ல? அப்ப எவனாச்சும் எழுந்து, இந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே தாலி கட்டியாச்சி, அத்தையே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்னு சொல்லுவான். நான் என்னா சொல்றது?"

"ஒன்ன என் மகனுக்குத்தான..."

"எனக்கு வேணாம் அத்தை. போன வருசமே வேணாம்."

"போன வருசமா?"

ஷாலினி போனை எடுத்தாள். படங்களைத் தள்ளினாள். அத்தை அனுப்பிய படங்கள். மாமரம், பீடம், ஜெகன். மாமரம், பீடம், ஜெகன். ஒன்றை நிறுத்திப் பெரிதாக்கினாள். மணலில், ஜெகன் காலுக்கு முன்னால், ஒரு நிழல்.

"எடுக்கறவங்க நெழலு. காலை வெயில்ல, அவங்க முதுவுப் பக்கம் சூரியன். பாருங்க. தலையில துணி கட்டியிருக்குது. முடிச்சி தெரியுது." அடுத்தது. "இதுலயும் அதே முடிச்சி." அடுத்தது. "இது ஈஸ்டரு. இது கிறிஸ்மசு. ரெண்டு வருசமா ஒரே பொம்பள எடுக்கறா. மொதோல்லாம் தூரமா நிக்கறா. வர வர நெழலு அவரு காலத் தொட்டுடுச்சி."

சவரிமேரி பார்த்தாள். ஒவ்வொரு படத்திலும் இருந்தது.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கதான வாராவாரம் பாக்கறீங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சும் எனக்கு அனுப்பறீங்கன்னு நெனச்சேன்."

"நான் பீடத்தத்தான் பாத்தேன்."

ஷாலினி போனை அணைத்தாள். "பருப்ப எடுத்துகினு போங்க அத்தை. அப்பா வர்றதுக்குள்ள கெளம்புங்க. அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

வியாழக்கிழமை காலையில் சவரிமேரி தனியாகச் சாமியாரிடம் போனாள். பொய் சொன்னேன் என்றாள். பாவமன்னிப்புக்காகச் சொல்கிற பாவசங்கீர்த்தனமா என்று கேட்டார். இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் எழுதினார். அவள் இரண்டாவது முறை கையெழுத்துப் போட்டாள்.

"மொதல் கடிதம் திங்கக்கெழமையே மெயில்ல போயிடுச்சும்மா. இதையும் இப்பவே அனுப்பறேன். ஆனா அங்க இருக்கற ஃபாதர் கிராமம் கிராமமா சுத்தறவரு. நெட்டு கெடைக்கற எடத்துலதான் பாப்பாரு."

"அந்தப் பொண்ணு பேரு இருக்கற பேப்பரு?"

"அதுமேல கோடு போட்டு வைக்கறேன். கிழிக்க முடியாது."

அன்றே ஜெகனுக்குப் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. வெள்ளி, சனி எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்ப அவளுக்கு எழுத வராது. ஜெயராணி மகளிடம் சொல்லி எழுதலாம். என்னவென்று எழுதச் சொல்வது?

ஞாயிறு பூசையில் ஒரு ஓலைகூடப் படிக்கவில்லை. உபதேசியார் மைக்குக்கு வராததை எல்லோரும் கவனித்தார்கள். முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். ரசம் வைத்தாள். மூடினாள். பன்னிரண்டுக்கே போன் அடித்தது. அங்கே பூசை முடிந்திருக்காது.

"தாலி கட்டுனேன்னு எழுதிக் குடுத்தியாம்மா?"

"இல்லன்னு எழுதிக் குடுத்துட்டன்டா. வியாழக்கெழமையே."

"அது வரல. மொதோதுதான் வந்துச்சி. மரத்தடியில, எல்லார் முன்னாடியும் படிச்சிட்டாரு. மாப்ளயோட அம்மாவே எழுதியிருக்காங்கன்னு சொல்லிப் படிச்சாரு. அவங்க அப்பா, அம்மா, எல்லாரும் இருந்தாங்க. மேளத்த நிறுத்திட்டாங்க."

"அவ என்னா சொன்னா?"

"ஒங்க அம்மா பொய் சொல்றாங்களா, நீ பொய் சொல்றியான்னு கேட்டா."

"நான்தான்டா. நான்தான் பொய். சொல்லு அவகிட்ட."

"சொன்னேன். பெத்தவ கோயிலுக்குப் பொய் எழுதிக் குடுப்பாளான்னு கேக்கறா. அவங்க அம்மாவும் அதையேதான் கேக்கறாங்க. இந்த ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்கம்மா."

அந்தப் பக்கம் மேளம் கேட்கவில்லை. காற்று மட்டும் கேட்டது.

"சாப்ட்டியா?" என்று கேட்டான். பழக்கத்தில் கேட்டதுபோல இருந்தது.

"படம் வரலியே."

போன் நின்றது.

அவள் தட்டை எடுத்து வைத்தாள். பன்னிரண்டரைக்குப் படம் வந்தது. மாமரம். கொட்டகை. வெள்ளைத் துணி விரித்த பீடம், சிலுவை, மெழுகுவர்த்தி. இரண்டு வருஷத்தில் பீடம் இவ்வளவு முழுசாகத் தெரிந்ததில்லை. முன்னால் ஜெகன் இல்லை.

இரண்டு விரலால் பெரிதாக்கி, கீழே, மணலுக்கு இறக்கினாள். ஒரு நிழல் இருந்தது. அவனே எடுத்திருந்தான். பக்கத்தில் வேறு நிழல் இல்லை. தலையில் துணி இல்லை.